மானும் மணமும்



கண்ணின் சிறப்பை நாம் அடிக்கடி பேசுகிறோம். காதின் சிறப்பையும் பேசுகிறோம். நான் இங்கே பேசுவதை நீங்கள் எங்கோ இருந்து கேட்பதே காதுக்கு ஒரு பெருமையன்றோ? ஆனால் மூக்கை நாம் பொருட்படுத்துவதே இல்லை. சளி பிடித்தாலொழிய அதன் நினைவு நமக்கு வருவதில்லை. மனிதனுக்கு அது கடைசி வரிசைப் புலன். காட்டில் வாழும் மானுக்கோ அதுவே முதல் வரிசைப் புலன். பகை வருவதையும் துணை இருப்பதையும் எல்லை எது என்பதையும் அது மூக்கினாலேயே அறிகிறது. அந்த மூக்கைப் பற்றியும், அதை அறிந்துகொண்ட மனிதன் அந்த அறிவை என்ன செய்தான் என்பதைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் திருவரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். பிற்காலத்தில் திருச்சியில் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்தவன். திருவரங்கத்துப் பிள்ளையின் மூக்குக்கு ஓய்வு என்பதே கிடையாது. விடியலில் பூக்கூடைகள் வந்து இறங்கும்போது ஒரு மணம். துளசி மாலை கட்டும் திண்ணையில் ஒரு மணம். சந்தனம் அரைக்கும் கல்லருகே ஒரு மணம். கோவிலுக்குள் நுழைந்தால் கருப்பூரமும் பழங்கல்லும் கலந்த வேறொரு மணம். அரங்கநாதரின் மூலத்திருமேனி சுதையால் ஆனது. ஆதலால் அதற்கு நீராட்டு இல்லை, தைலக்காப்புத்தான் உண்டு. அந்தத் தைலத்தின் மணத்தை ஒருமுறை அறிந்தவர் மறப்பதில்லை. இவ்வூரில் கஸ்தூரி ரங்கன் என்னும் பெயர் வீட்டுக்கு வீடு கேட்கும். கஸ்தூரித் திலகம் அணிந்த அரங்கன் என்பதே அதன் கருத்து.

எங்கள் பாட்டியிடம் வெற்றிலைப் பெட்டியினும் சிறியதான வெள்ளிச் சிமிழ் ஒன்று இருந்தது. அதனுள் கருமையும் செம்மையும் கலந்த சில துணுக்குகள் இருந்தன. குழந்தைகளுக்கு மாந்தமோ சளியோ கண்டால் ஊசிமுனையளவு எடுத்து இழைத்துக் கொடுப்பார். வெளியூர்ப் பயணம் என்றால் சந்தனத்தோடு குழைத்து எங்கள் கழுத்தில் தடவுவார். "இது என்ன பாட்டி?" என்று நான் கேட்டேன். "கஸ்தூரி" என்றார். "எங்கிருந்து வருகிறது?" என்றேன். "மான் கொடுத்தது" என்றார். பசு பால் கொடுப்பதுபோல மான் கஸ்தூரி கொடுக்கும் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பாட்டியும் அவ்வாறே எண்ணியிருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கஸ்தூரி மான் நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் வாழ்வது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பனியும் பாறையும் பிர்ச்சு மரங்களும் உள்ள சரிவுகளில் தனித்துத் திரியும். நம் புள்ளிமானைப் போல அது கூட்டமாக வாழ்வதில்லை. ஆட்டுக்குட்டியை விடச் சற்றே பெரிய உடல், கொம்பு கிடையாது, கொம்புக்கு மாறாக ஆணுக்கு மேல்தாடையிலிருந்து இரண்டு கோரைப்பற்கள் தந்தம்போல வெளியே நீண்டிருக்கும். விலங்கியலார் இதனை மான் குடும்பத்தில் சேர்க்காமல் தனிக் குடும்பமாகவே வகுத்திருக்கின்றனர். வளர்ந்த ஆணின் அடிவயிற்றில், கொப்பூழுக்குச் சற்றுப் பின்னே, ஒரு பை இருக்கிறது. அதில் சுரந்து உறையும் பொருளே கஸ்தூரி. பெண்ணுக்கு அந்தப் பை இல்லை. இணைசேரும் பருவத்தில், பனி மூடிய மலைச்சரிவில், ஒன்றை ஒன்று காணாமல் தனித்தனியே வாழும் விலங்குகளுள் பெண்ணுக்கு ஆண் அனுப்பும் ஓலை அந்த மணம். "நான் இங்கே இருக்கிறேன்" என்பதே அந்த ஓலையின் வாசகம்.

அந்த ஓலையை மனிதனும் படித்துவிட்டான். அன்றுமுதல் அது மரண ஓலையாயிற்று. ஒரு பையில் கிடைப்பது சுமார் 25 கிராம். ஆகவே ஒரு கிலோ கஸ்தூரிக்கு 40 ஆண் மான்கள் வேண்டும் என்று கணக்கு ஆகிறது. ஆனால் கண்ணி வைப்பவன் கணக்கு அத்தோடு நிற்பதில்லை. இம்மான் நாள்தோறும் ஒரே தடத்தில் நடக்கும். குறித்த இடங்களிலேயே சாணமிடும். அதுவும் மணத்தால் எல்லை காட்டும் வழிதான். அந்தத் தடத்தில் கண்ணி வைக்கிறார்கள். கண்ணி ஆண் என்றும் பெண் என்றும் குட்டி என்றும் பார்ப்பதில்லை. பை இல்லாத பெண்ணும் பை முதிராத குட்டியும் வீணே மடிகின்றன. எங்கள் பாட்டியின் சிமிழில் இருந்த சில துணுக்குகளுக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருந்தன. பாட்டி எறும்புக்கும் அரிசிமாக் கோலம் இட்டவர். அறிந்திருந்தால் அந்தச் சிமிழைத் தொட்டிருக்க மாட்டார்.

வேட்டையில் விலங்கை ஈர்க்கும் சூழ்ச்சி தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. ஆயின் நம் முன்னோர் மணத்தைக் காட்டிலும் கண்ணையும் காதையுமே பெரிதும் பயன்படுத்தினர். பழக்கிய மான் ஒன்றைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைப்பது ஒரு முறை. அதனைப் பார்வை விலங்கு என்று சங்கப் புலவர்கள் குறித்தனர். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் வீரை வெளியனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். வேட்டுவன் கொடி படர்ந்த முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகிறான். அவன் கட்டிவைத்த பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. அவன் மனைவி அதைக் காண்கிறாள். கணவனை எழுப்பினால் அன்றைக்கு இறைச்சி உண்டு. ஆனால் அவள் அசையவில்லை. ஓசை எழுந்தால் கணவன் துயில் கலையும். கலைமான் தன் இன்பத்தைப் பிரிந்து ஓடும் என்று அஞ்சி இருந்த இடத்திலேயே இருக்கிறாள். அதற்குள் மான்தோலில் உலரவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்றுகொண்டிருக்கின்றன. தினையும் போயிற்று, மானும் போயிற்று. வேட்டுவனின் மனைவிக்குள் எழுந்த அந்த அருள் மட்டும் நிலைத்துநின்றது. உறையூரிலிருந்து சோழர் ஆண்ட காலத்துத் தமிழர் வேட்டையாடினர்; மான் இறைச்சி உண்டனர்; அதை மறைக்கவும் இல்லை. எனினும் ஈர்ப்பு என்னும் சூழ்ச்சியில் ஏதோ ஒரு தவறு உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கலித்தொகையிலும், மறைவில் இருந்து யாழ் இசைத்து மானை மயக்கி, அது மயங்கி நின்றபோது பறையறைந்து அதன் உயிரை வாங்குபவனின் கொடுமை, அன்பு காட்டிக் கைவிட்டவனுக்கு உவமையாக வருகிறது. பசிக்குக் கொல்வது ஒன்று. அன்பின் குரலைக் கடன் வாங்கிக் கொல்வது வேறொன்று.

இனி நான் கண்ட வேட்டை ஒன்றைச் சொல்கிறேன். 1967-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. அப்போது எனக்குப் பதினோரு வயது. என் தாய்மாமன் துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவ்வூரில் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் மாலை மான் பார்க்கப் போகலாம் என்று மாமா என்னை அவரோடு அழைத்துச் சென்றார். பார்ப்பதற்கு மட்டும் போகவில்லை என்பது துப்பாக்கியைக் கண்டதும் எனக்கு விளங்கிற்று.

காட்டோடையில் கோடையிலும் வற்றாத ஒரு மடு. அதற்கு எதிர்க்கரையில் ஒரு புதர். அங்கே உட்காருமுன் முதியவர் கைப்பிடி மண்ணை எடுத்து நொறுக்கி, விரலிடுக்கில் மெல்ல உதிர்த்தார். புழுதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். மடுவின் பக்கமிருந்து காற்று எங்கள் மேல் வீசியது. தலையசைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார்: "தம்பி, மானின் கண்ணை ஏமாற்றலாம், அசையாமல் இருந்தால் போதும். காதை ஏமாற்றலாம், மூச்சை அடக்கினால் போதும். மூக்கை மட்டும் யாராலும் ஏமாற்ற முடியாது." நான் படித்த நூல்களில் இதைவிடச் சிறந்த விலங்கியல் பாடம் மிகுதியாக இல்லை.

வெயில் சாய்ந்தது. நான்கு புள்ளிமான்கள் மரங்களுக்கிடையே தோன்றின. முன்னே வந்தது ஒரு பிணை; அதன் பின்னால் ஒரு குட்டி. முதியவர் துப்பாக்கியை மெல்ல உயர்த்தினார். அந்தக் கணத்தில் காற்று திரும்பிற்று. என் பிடரியில் குளிர்ச்சி பட்டதை நான் இன்றும் உணர்கிறேன். பிணையின் தலை நிமிர்ந்தது. அது எங்களைப் பார்க்கவில்லை; மூக்கை மட்டும் உயர்த்தியது. முன்காலால் தரையை ஒருமுறை தட்டிற்று. கூர்மையான ஒரு குரல் கொடுத்தது. மறுநொடியில் வால்களின் வெண்மை மட்டுமே தெரிந்தது. பின் அதுவும் இல்லை.

முதியவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். என் பக்கம் குனிந்து முகர்ந்தார். "என்ன பூசியிருக்கிறாய்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. திருவரங்கத்திலிருந்து புறப்பட்ட அன்று பாட்டி என் கழுத்தில் கஸ்தூரியும் சந்தனமும் தடவியிருந்தார். இரண்டு நாள் ஆகியும், சட்டைக் கழுத்தில் அந்த மணம் போகவில்லை. மாமாவுக்கு என் மேல் கோபம். முதியவர் கோபிக்கவில்லை. "போகட்டும், குட்டி வைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் வெட்கப்பட்டேன் என்று வெளியே காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமகிழ்ச்சி. இன்று விலங்கியல் படித்தவனாக எண்ணிப் பார்த்தால், மானை ஓட்டுவதற்குக் கஸ்தூரி வேண்டியதில்லை. என் வியர்வை நாற்றமே போதும். ஆனால் அந்தப் பதினோரு வயதுச் சிறுவனுக்கு, இமயத்தில் இறந்த ஒரு மான் பச்சைமலையில் இன்னொரு மானைக் காப்பாற்றிற்று என்றே தோன்றியது. அந்த எண்ணத்தை நான் முழுதும் விட்டுவிடவில்லை.

மானின் மூக்கு அத்துணை நுட்பமானதற்குக் காரணம் என்ன? அதன் மூக்கறையினுள் மணம் அறியும் தோல் பல மடிப்புகளாகச் சுருண்டு விரிந்த பரப்பாக அமைந்திருக்கிறது. நுனி மூக்கு எப்போதும் ஈரமாக இருக்கிறது; காற்றில் வரும் மணத்துகள் அதில் படிகின்றன. இவையன்றி மேலண்ணத்தில் யாக்கப்சன் உறுப்பு என்று ஒன்றுண்டு. பெண்ணின் சிறுநீரை முகர்ந்த ஆண், மேலுதட்டைச் சுருட்டித் தலையை உயர்த்தி நிற்பதை நீங்கள் ஆடுகளிடம் கண்டிருப்பீர்கள். அது நகைப்பன்று, மணத்தை அந்த உறுப்புக்குச் செலுத்தும் செயல். பெண் இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்பதை ஆண் அவ்வாறு அறிகிறது.

மணத்தை அறிவதுபோலவே மணத்தை எழுதவும் மான் வல்லது. கண்ணின் முன்மூலையில் ஒரு சுரப்பி உண்டு. புள்ளிமான் கலை பின்னங்கால்களில் எழுந்து நின்று உயர்ந்த கிளையில் அதனைத் தேய்த்துவிட்டுச் செல்லும். கோடியக்கரைக்குச் செல்லும் மாணவர்கள் வெளிமானைக் காணலாம். இரலை என்றும் திருகுமான் என்றும் அதற்குப் பெயருண்டு. நான் பச்சைமலைக்குப் போன அதே 1967-ஆம் ஆண்டில்தான் அங்கே சரணாலயம் அமைந்தது. விலங்கியல் முறைப்படி வெளிமானும் உண்மையான மான் அன்று. கொம்பு உதிராத வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஆண், புல்லின் நுனியைக் கண்ணருகே உள்ள சுரப்பியில் செருகி எடுக்கும். ஒரே இடத்தில் சாணமிட்டுக் குவிக்கும். "இது என் நிலம்" என்று அது எழுதிய பட்டா அது. நமக்கு வெறும் புல்வெளியாகத் தோன்றுவது அவற்றுக்கு எழுத்து நிறைந்த ஏடு.

இந்த எழுத்தைப் போலி செய்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் அதைத்தான் செய்கின்றனர். அங்கே உரிமம் பெற்றுப் பருவகாலத்தில் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. பண்ணையில் வளர்க்கும் பெண் மானின் சிறுநீரைச் சேர்த்துக் குப்பிகளில் அடைத்துக் கடைகளில் விற்கின்றனர். வேட்டைக்காரர் அதைப் பஞ்சில் நனைத்துக் கிளையில் தொங்கவிட்டு, காற்றுக்கு எதிர்ப்புறம் மறைந்திருப்பர். துணையைத் தேடி ஆண் மான் அங்கே வரும். நம் நாட்டுப் பார்வை மானுக்கு அது குப்பியில் அடைத்த வடிவம் எனலாம்.

ஆனால் இதில் எவரும் எதிர்பாராத ஒரு கேடு விளைந்தது. 1967-இல் கொலராடோ மாநிலத்தில் அடைப்பில் வளர்ந்த மான்களிடம் ஒரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. மான் மெலிந்துகொண்டே போய், தள்ளாடி, இறந்துவிடும். மூளையில் கடற்பஞ்சுபோலத் துளைகள் தோன்றும். இதற்குக் காரணம் நுண்ணுயிர் அன்று. உருத்திரிந்த ஒருவகைப் புரதம். பிரையான் என்பது அதன் பெயர். இந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோயுற்ற மானின் எச்சிலிலும் சாணத்திலும் சிறுநீரிலும் அது வெளிவருகிறது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கிறது. ஒரு பண்ணையில் அடைத்த குப்பி நூற்றுக்கணக்கான மைல் கடந்து வேறொரு காட்டில் திறக்கப்பட்டால், நோயும் உடன்வர இடமுண்டு. ஆகவே வர்ஜீனியா, வெர்மான்ட் முதலிய சில மாநிலங்கள் இயற்கையான மான் சிறுநீரை வேட்டைக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. 2016-இல் நார்வே நாட்டுக் கலைமான்களிடமும் இந்நோய் கண்டறியப்பட்டது. ஒரு விலங்கின் மொழியைப் பொய்யாகப் பேசியவன், தான் அறியாத சொல் ஒன்றையும் சேர்த்துப் பேசிவிட்டான்.

இதனால் மணத்தைப் பற்றிய அறிவே தீது என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. அறிவு செல்லும் இன்னொரு வழியையும் பாருங்கள்.

திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு இருவருக்குப் பகிர்ந்து வழங்கப்பெற்றது. ஒருவர் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய லெயோபோல்ட் ருசீக்கா. கஸ்தூரியின் மணத்துக்குக் காரணமான மஸ்கோன் என்னும் பொருளின் அமைப்பை 1926-இல் கண்டறிந்தவர் அவர். அதில் பதினைந்து கரியணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கின்றன. அத்துணைப் பெரிய வளையம் நிலைத்திருக்க முடியாது என்பதே அதுவரை வேதியியலார் கொண்டிருந்த கருத்து. இமயமலை மான் அந்தக் கருத்தைப் பொய்யாக்கிற்று. அமைப்புத் தெரிந்தபின் அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்க முடிந்தது. அதற்கு முன்பே, 1888-இல், கஸ்தூரியை ஒத்த மணமுள்ள செயற்கைப் பொருள் ஒன்றை ஆல்பர்ட் பாவர் தற்செயலாகக் கண்டிருந்தார். இன்று உலகில் விற்கும் வாசனைப் பொருள்களில் கஸ்தூரி மணம் என்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. நம் தோட்டத்திலும் ஒரு மாற்று உண்டு. கஸ்தூரி வெண்டை என்னும் செடியின் விதையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அந்த மணத்துக்காக ஒரு விலங்கும் கண்ணியில் துடிக்கவில்லை.

பரிசு பெற்ற மற்றொருவர் ஜெர்மானியரான அடால்ஃப் பூட்டெனான்ட். அவருடைய அரசு அப்பரிசை ஏற்கவிடவில்லை. போருக்குப் பின்னரே, 1949-இல், அதற்குரிய சான்றிதழைப் பெற்றார். பெண் பட்டுப்பூச்சி எந்த மணத்தால் ஆணை அழைக்கிறது என்று அவரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளின் சுரப்பிகளைச் சேர்த்து, 1959-இல் அந்தப் பொருளைத் தனியே பிரித்து அறிவித்தனர். ஓர் உயிர் தன் இனத்துக்கு மணத்தால் விடுக்கும் செய்திக்கு ஃபெரமோன் என்னும் பெயர் வழங்கலானதும் அவ்வாண்டில்தான்.

அந்த ஆராய்ச்சியின் பயன் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? காவிரிக்கரை வாழைத்தோட்டத்தில் வந்து சேர்ந்தது. பூவனும் கற்பூரவல்லியும் நேந்திரனும் விளையும் நம் மாவட்டத்தில் வாழைக்குப் பெரும்பகை கூன்வண்டு. ஒருவகை கிழங்கைத் துளைக்கும்; மற்றொருவகை தண்டைத் துளைக்கும். வெளியே மரம் பசுமையாக நிற்கும். காற்றடித்தால் குலையோடு சாயும். வெட்டிய வாழைத்தண்டின் மணம் அவ்வண்டுக்கு மிகவும் விருப்பம். ஆகவே தண்டை நெடுக்காகப் பிளந்து, வெட்டுமுகம் தரையில் படும்படி வைத்தால், வண்டுகள் அதனடியில் வந்து கூடும், எடுத்து அழித்துவிடலாம். கிழங்கைத் துளைக்கும் வண்டில் ஆண் வெளியிடும் ஒரு மணத்தை விஞ்ஞானிகள் 1995-இல் கண்டறிந்தனர். தன் இனத்தின் ஆணையும் பெண்ணையும் கூட்டும் மணம் அது. அதனை வைத்து இனக்கவர்ச்சிப் பொறி அமைக்கின்றனர். திருச்சியில் 1993-இல் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய முறைகளை உழவருக்கு எடுத்துரைத்து வருகிறது. இதில் தேனீ சாவதில்லை, மண் கெடுவதில்லை, காவிரியில் நஞ்சு கலப்பதில்லை. அழைப்பு எந்த உயிருக்கோ அந்த உயிர் மட்டுமே வருகிறது.

வண்டைக் கொல்வது மட்டும் அறமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உழவன் தன் பயிரைக் காப்பதற்கு ஏதோ ஒன்றைச் செய்தே தீரவேண்டும். செய்வதில் தீங்கு குறைந்ததைத் தேர்வது அறத்தின் ஒரு படி. சிமிழில் வைக்க மணம் வேண்டும் என்பதற்காகக் குட்டியோடு மானைக் கொல்வது அந்தப் படியில் ஏறாது. தேவைக்கும் ஆசைக்கும் உள்ள தொலைவே இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு.

நம் நாட்டுச் சட்டமும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கஸ்தூரி மானையும் வெளிமானையும் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் சேர்த்தது. உரிமம் பெற்று வேட்டையாட எஞ்சியிருந்த வழியையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இந்தியா 1976-இல் சேர்ந்தது; நம் நாட்டுக் கஸ்தூரியை அயல்நாட்டு வணிகத்துக்கு அனுப்ப அதன்படி இடமில்லை. ஆயினும் கண்ணிகள் ஓயவில்லை. வாங்குபவர் இருக்கும்வரை விற்பவரும் இருப்பர். ஆகவே சட்டத்தைக் காட்டிலும் வாங்கும் கைகளே இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் எவரேனும் உண்மையான கஸ்தூரி என்று மறைவாகக் காட்டினால், பொய்யானால் அது ஏமாற்று. மெய்யானால் அது குற்றம். இரண்டையும் மறுத்துவிடுங்கள்.

மாணவர்களே, மணத்தின் மொழியைப் படிக்க நீங்கள் இமயத்துக்குப் போகவேண்டியதில்லை. திருவரங்கத்துக்கு மேற்கே, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் மேலணையை அடுத்த காட்டுப்பகுதியில், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்று 2015-இல் திறக்கப்பெற்றது. அத்தகைய இடங்களில் கிலுகிலுப்பைச் செடியின் அருகே பொறுமையாக நில்லுங்கள். வெந்தய வரியன், நீல வரியன் முதலிய வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் வாடிய தண்டையும் இலையையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அங்கே அவை தேடுவது தேனை அன்று. அந்தச் செடியில் உள்ள ஒரு பொருளை எடுத்துத் தம் உடலில் மணமாக மாற்றிப் பெண்ணைக் கவர்கின்றன. கஸ்தூரி மான் பனிச்சரிவில் எழுதும் அதே ஓலையைத்தான் அவை காவிரிக்கரையில் எழுதுகின்றன. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். படித்துவிட்டு, பொய்யான மறுமொழி எழுதாமல் திரும்பி வாருங்கள்.

பாட்டியின் சிமிழ் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை. இருந்த துணுக்குகளைப் பாட்டியே எங்கள் பிள்ளைப் பருவத்தில் செலவழித்துவிட்டார். எனினும் மூடியைத் திறந்தால் வெள்ளியில் ஏறிய மணம் மெல்ல எழுகிறது. அதை முகரும்போது எனக்கு இரண்டு மான்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்றை நான் கண்டதே இல்லை. அது எங்கோ பனியில் கண்ணியில் மாட்டிக்கொண்டது. மற்றொன்றை அரை நிமிடம் கண்டேன். அது மூக்கை உயர்த்தி, தரையைத் தட்டி, தன் குட்டியை அழைத்துக்கொண்டு பச்சைமலைக் காட்டுக்குள் போய் மறைந்தது.